எதிரே உட்கார்ந்து கேட்கிற தூரம்

முதலில் ஃபேனை அணைக்க வேண்டும். திருச்சியில், அதுவும் ஏப்ரல் மாதத்தில், வீட்டுக்கு வந்தவர்களுக்கு இதைவிட மரியாதைக் குறைவான காரியம் ஒன்றைச் செய்ய முடியாது. ஆனால் வேறு வழியில்லை. அடுத்து ஏ.சி. அடுத்து டியூப்லைட், அதன் சோக் லேசாக முனகும். கடைசியாக மாடிப்படியில் நின்று கீழே ஒரு குரல் கொடுக்க வேண்டும்.

"குக்கர் வச்சிருக்கியா?"

"இன்னும் ரெண்டு விசில்!"

அந்த இரண்டு விசிலும் வந்து முடியும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய ஸ்டூடியோவில் எந்த ஒலிப்பதிவும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் ஓர் அறை. 12 அடி நீளம், 9 அடி அகலம். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், நான்கு மைக். கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, பள்ளி ஆண்டு விழாவுக்கு நடனப் பாட்டு, ஆடி மாதம் வந்தால் அம்மன் பாடல்கள். பதினெட்டு வருஷமாக இதுதான் தொழில். இதில் பெரும்பாலான வேலைக்கு மைக்கே தேவைப்படாது. கீபோர்டிலிருந்து ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அறை எப்படி இருந்தாலும் கவலையில்லை, வெளியே லாரி போனாலும் கவலையில்லை. பாடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு மைக்.

அதனால்தான் வீணை டீச்சர் போன் செய்து, "ஒரு நாலு உருப்படி பதிவு பண்ணித் தர முடியுமா தம்பி?" என்று கேட்டபோது அரை நாள் வேலை என்று நினைத்துவிட்டார்.

டீச்சருக்கு 71 வயது. பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாற்பது வருஷமாக வீணை சொல்லிக் கொடுத்தவர். மேடைக் கச்சேரி என்று அதிகம் செய்ததில்லை. ஒரு கேசட் கூட வந்ததில்லை. இடது கை விரல் மூட்டுகளில் வாதம். வீணையில் கமகம் என்பது தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து வரவழைக்க வேண்டியது. அதற்கு விரலில் பலம் வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் விரல் சொன்னபடி கேட்கும், அதற்கப்புறம் கேட்காது என்று அவரே சொன்னார். இருக்கிற பலம் போவதற்குள் பதிந்து வைக்க வேண்டும் என்பதுதான் அவசரம். "எனக்காக இல்ல தம்பி. சொல்லிக் குடுத்ததுல பாதி பாதியா நிக்குது, அதுக்காக."

வந்தபோது கூட ஒரு பெண் குழந்தையும் வந்தது. பதினோரு வயது. பக்கத்து வீடு, டீச்சரின் கடைசி மாணவி. தேங்காய் எண்ணெய் நனைத்த பஞ்சு இருந்த சின்னக் கிண்ணத்தைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது விரல்கள் தந்தியில் வழுக்கிப் போக அந்த எண்ணெய் வேண்டும். அது குறைந்தால் தந்தி கிறீச்சென்று சத்தம் போடும். மனிதக் காது அதை மன்னித்துவிடும், மைக் மன்னிக்காது.

அவர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். குடத்தின் மேல்பலகையில் ஒரு கான்டாக்ட் மைக்கை ஒட்டினார். இன்றைக்குச் சபாக் கச்சேரிகளில் வீணைக்கு இது சகஜம். காற்றில் வருகிற ஒலியை அது வாங்குவதில்லை. மரத்தின் அதிர்வைத் தொட்டு வாங்குகிறது. ஆகவே அறை இரைச்சல் கிடையாது. குக்கர் கூட அடிக்கலாம். டீச்சர் மோகன வர்ணத்தில் நாலு வரி வாசித்தார். ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினார்.

டீச்சர் கழற்றிக் கீழே வைத்தார். "சுத்தமா இருக்கு. ஆனா இது என் வீணை இல்ல."

அவர் சொன்னது உண்மைதான். பலாமரக் குடத்துக்குள் ஒலி சுழன்று, மேல்பலகை வழியாகக் காற்றில் கலந்து, கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் அது வீணை. குதிரைக்குப் பக்கத்தில் மரத்தைத் தொட்டு எடுப்பது, ஒருவருடைய தொண்டையில் கை வைத்துப் பார்த்து அவர் நன்றாகப் பாடுகிறார் என்று சொல்வது மாதிரி.

சன்னமான வாத்தியங்களுக்கு இது பழைய தொல்லை. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்த காலத்தில் மைக்கே இல்லை. ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். அந்த ஒலியின் வேகத்தில்தான் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். உரத்த குரல் பிழைத்தது, மெல்லிய வாத்தியம் திணறியது. மேல்நாட்டில் இதற்காகவே வயலினில் உலோகக் கூம்பு பொருத்திப் புது வாத்தியமே செய்தார்கள். 1925 வாக்கில் மைக் வந்தபிறகுதான் மெதுவாக வாசிப்பவர்களுக்கும் இசைத்தட்டில் இடம் கிடைத்தது. நம் வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சின்னக் கூடம், சுற்றிலும் கொஞ்சம் பேர், ஒரு சத்தம் வரக்கூடாது. அப்படிக் கேட்க வேண்டிய வாத்தியம் இது. டீச்சரின் வீணையும் அந்த ஜாதிதான், கூடத்துக்கானது.

சரி, காற்றிலிருந்தே எடுத்துவிடலாம் என்று கன்டென்சர் மைக்கை எடுத்தார். 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், மிக நுட்பமான காது. குடத்துக்கு அரை அடி தள்ளி வைத்தார். இப்போது நகம் தந்தியில் படும் சத்தம் சம்மட்டி மாதிரி கேட்டது. அதோடு ஒரு திசையை மட்டும் பார்க்கும் மைக்கை மிக நெருக்கத்தில் வைத்தால் கீழ்ஸ்தாயி ஊதிப் பெருக்கும். வீணை ஏதோ பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. தள்ளி வைத்தார். இப்போது அறை உள்ளே வந்துவிட்டது.

இந்த 'அறை உள்ளே வருவது' என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வீட்டில் போனை வைத்துப் பாட்டுப் பதிகிற எல்லோருக்கும் இதே தலைவலி. வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி தூரம் கூடக் கூடக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அறையின் எந்த மூலையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே மைக் பின்னால் போகப் போக வாத்தியம் தேய்ந்து அறை வளர்கிறது. பெரிய மண்டபத்தில் அது அழகு. 9 அடி அகல அறையில் அது அலமாரிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல.

அந்த 9 அடிக்கு இன்னொரு குணமும் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்தத் தூரத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சுரம் மாட்டிக்கொண்டு கும் என்று நிற்கும். கணக்குப் போட்டால் சுமார் 62 ஹெர்ட்ஸ். டீச்சரின் வீணை மூன்று கட்டைச் சுருதி. அதில் அனுமந்தரத் தந்தியின் பஞ்சமம், நம் ஆளின் துரதிர்ஷ்டம், கிட்டத்தட்ட அதே 62. அந்தத் தந்தியைத் தொட்டபோதெல்லாம் அறையும் சேர்ந்து வாசித்தது.

சுவரில் ஏற்கெனவே முட்டை அட்டை ஒட்டியிருந்தார். தொழிலுக்கு வந்த புதிதில் யாரோ சொன்னது. நம் ஊரில் பாதி ஸ்டூடியோக்களில் இந்த நம்பிக்கை உண்டு. முட்டை அட்டை கீழ்ச்சத்தத்தை உறிஞ்சாது. மேல்சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். கும் சத்தத்துக்குக் கனமும் பருமனும் வேண்டும். கீழே போய்ப் படுக்கையறையிலிருந்து இரண்டு இலவம் பஞ்சு மெத்தைகளைத் தூக்கி வந்து மூலைகளில் நிறுத்தினார். தரையில் பவானி ஜமக்காளம் விரித்தார், டைல்ஸில் பட்டுத் திரும்புவதைத் தடுக்க. அவர் மனைவி மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு எங்க படுக்கறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கும் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் இப்போது இன்னொன்று தெளிவாகக் கேட்டது. டீச்சர் வாசிக்கும்போது முனகினார். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. வாய் மூடி, இழுப்பு எங்கே போகிறதோ அங்கே மூக்கோடு ஒரு சன்னமான குரல் கூடவே போகும். அவருக்கே தெரியாது என்பது, "கொஞ்சம் பாடாம வாசிக்க முடியுமா டீச்சர்?" என்று இவர் கேட்டபோது, "நானா? பாடறேனா?" என்று அவர் முழித்ததில் தெரிந்தது. பாடாமல் வாசித்துப் பார்த்தார். இரண்டாவது வரியில் விரல் தடுமாறியது.

இங்கேதான் நம் ஒலிப்பதிவாளருக்கு வீம்பு வந்தது. அவரிடம் எட்டு வடிவத்தில் கேட்கும் ஒரு மைக் இருந்தது. முன்னாலும் பின்னாலும் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கம் சரியாக டீச்சரின் வாயைப் பார்க்கும்படியும், முகம் குடத்தைப் பார்க்கும்படியும் திருப்பி வைத்தால் முனகல் மறைந்துவிடும். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவர்களுக்கு இந்த வித்தையைச் செய்வார்கள். படித்திருக்கிறார், செய்து பார்க்கச் சந்தர்ப்பம் வந்ததில்லை.

கூடவே மெட்டுகள் பக்கம் இரண்டாவதாக ஒரு மைக். இரண்டு மைக் வைத்தால் இன்னொரு சிக்கல் ஆரம்பிக்கும். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகிறது. இரண்டு மைக்குக்கும் வாத்தியத்திலிருந்து தூரம் அவ்வளவு வித்தியாசப்பட்டால், இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்று சீப்பின் பல் இடைவெளி மாதிரி சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்ஃபோனில் இடம் வலமாகக் கேட்கும்போது தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து தரும் சின்னப் போன் ஸ்பீக்கரில் போட்டதும் வீணை ஒல்லியாகிவிடும். கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் போனில்தான் கேட்கப் போகிறார்கள். ஆகவே டேப் வைத்து அளந்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

"நீங்க சும்மா ஏதாவது வாசிச்சுக்கிட்டே இருங்க டீச்சர். லெவல் பாக்கணும்."

டீச்சர் தோடியை எடுத்தார். ஆலாபனையாகத்தான் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தால் மனிதர்கள் எப்படி வாசிப்பார்களோ அப்படி வாசித்தார். இவர் ஹெட்ஃபோனோடு மைக்குக்குப் பின்னால் மண்டியிட்டு, முனகல் எங்கே மறைகிறது என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கோணத்தில் அது சட்டென்று காணாமல் போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து போய்த் திரையைப் பார்த்து, லெவலைச் சரிசெய்து, சிவப்பு பட்டனை அழுத்தினார்.

"ரெடி டீச்சர். இப்ப வாசிங்க."

டீச்சர் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். "இப்ப வாசிச்சேனே தம்பி?"

"அது டெஸ்ட்தானே டீச்சர்."

பத்து நிமிடத் தோடி. பதிவாகவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது: வாத்தியக்காரர் அறைக்குள் நுழையும்போதே பட்டனை அழுத்து, வேண்டாததைப் பிறகு அழித்துக்கொள்ளலாம். பதினெட்டு வருஷக்காரருக்கு அது தெரியாமல் இல்லை. ஒயரில் வருகிற கீபோர்டு எத்தனை தடவை கேட்டாலும் அதையே தரும். அந்தப் பழக்கம் தெரிந்ததை மறக்கடித்துவிட்டது.

டீச்சர் கோபப்படவில்லை. மறுபடி தோடியை எடுத்தார். காந்தாரத்தில் தந்தியை இழுக்கும்போது முகம் சுளித்தது. அதற்கு மேல் இரண்டு முறை முயன்றார். மணி பதினொன்று. காலையின் அந்த ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஃபேன் இல்லாத அறையில் சூடு ஏறி, மெட்டுகள் பதிந்திருந்த மெழுகு கூட இளக ஆரம்பித்துவிடுமோ என்று டீச்சர் தொட்டுப் பார்த்தார். வீணைக்காரர்களுக்கு வெயில் காலத்தில் இந்தப் பயம் எப்போதும் உண்டு. 24 மெட்டும் நிற்பது அந்தக் கறுப்பு மெழுகில்தான்.

கிடைத்த வரை வர்ணத்தையும் ஒரு கல்யாணியையும் சரிசெய்து அன்று இரவே போனில் அனுப்பி வைத்தார். சுத்தமான பதிவு. முனகல் கிடையாது, கும் கிடையாது, நகச் சத்தம் அளவோடு. தன்னுடைய வேலையில் இத்தனை சுத்தமாக எதுவும் வந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

மறுநாள் டீச்சர் பேசினார். "நல்லாத்தான் வந்திருக்கு தம்பி. நம்ம குட்டிதான் என்னமோ சொல்றா, அவகிட்டயே கேளுங்க."

போனைக் குழந்தை வாங்கினாள். "அங்கிள், இதுல பாட்டி எங்க போறாங்கன்னே தெரியல."

"அப்படின்னா?"

"பாட்டி பாடவே இல்லியே. அவங்க ம்ம்னு போவாங்கள்ல, அதைக் கேட்டுத்தான் நான் இழுப்பேன். எவ்ளோ இழுக்கணும்னு அதுலதான் தெரியும்."

அவர் பதில் சொல்ல முடியாமல் நின்றார். வீணையில் எந்த மெட்டில் விரல் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதிலிருந்து தந்தி எவ்வளவு தூரம் இழுபட்டு எந்தச் சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் அந்த முனகல் நாற்பது வருஷமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சருக்கே தெரியாமல். முதல் நாள் முழுக்க மெனக்கெட்டு அவர் அப்புறப்படுத்தியது பாடத்தை.

எதிரே யார் உட்கார்ந்து கேட்பதற்காக இந்தப் பதிவு என்று அவர் ஒரு முறை கூடக் கேட்கவில்லை. நல்ல ஒலி என்று ஒன்று பொதுவாக எங்கேயோ இருக்கிறது, அதைப் பிடித்தால் போதும் என்று நினைத்திருந்தார். ஒலிப்பதிவுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். புல்லாங்குழலுக்கு வாய்த் துளைக்கு நேரே வைக்காதே, காற்று அடிக்கும், கொஞ்சம் மேலே வை. மிருதங்கத்துக்கு வலந்தலையும் தொப்பியும் தனித்தனி. நாதஸ்வரமா, எட்டி நில். எல்லாம் சரியான விதிகள்தான். வாத்தியம் எங்கே ஒலிக்கிறது என்று அவை சொல்லும். கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லாது.

விரல் வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆயிற்று. இந்த முறை காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார். வெயில் ஏறவில்லை, தெருவில் பஸ் அதிகமில்லை, குக்கருக்கு எட்டரை வரை தடை. மெத்தைகள் முந்தின இரவே மாடிக்கு வந்துவிட்டன. டீச்சர் படியேறி வரும்போதே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வீட்டுல சொல்லிக் குடுக்கறப்ப இவ எங்க உக்காருவா டீச்சர்?"

"இதோ, எதுத்தாப்ல. ஒரு மூணு அடி இருக்கும்."

குழந்தையை அங்கேயே உட்கார வைத்தார். அவள் தலைக்கு ஒட்டினாற்போல், காது உயரத்தில், ஒரே ஒரு மைக். வாத்தியத்தையும் வாயையும் சேர்த்துப் பார்க்கும்படி. வேறு எதையும் அளக்கவில்லை. தொடையில் தட்டாமல் விரலாலேயே தாளம் எண்ண வேண்டும், முடிந்து தந்தி முழுக்க அடங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் அவளிடம் சொன்னார். அவள் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

டீச்சர் பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்த்தார். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பிறகு மூன்று தாளத் தந்திகள். எண்ணெய்ப் பஞ்சைத் தொட்டுக்கொண்டார். மைக்கைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். வர்ணம், கல்யாணி, சங்கராபரணம், கடைசியில் தோடி.

தோடி அந்த முதல் நாள் தோடி அல்ல. அது போனது போனதுதான். இது ஆறே நிமிடம். நடுவில் ஓரிடத்தில் விரல் வழுக்கியது. டீச்சர் நிறுத்தவில்லை, அதே பிரயோகத்தைத் திரும்ப எடுத்து, இரண்டாவது தடவை காந்தாரத்துக்குப் போகும்போது முனகல் கொஞ்சம் உரத்து, குழந்தைக்குச் சொல்வது போலவே போனது. வெளியே ஒரு காகம் கத்தியது. அவர் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டார். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லவில்லை.

வேலை முடித்து அனுப்பும் முன் டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஆரம்பத்துல நாலு நிமிஷம் சுருதி சேக்கறதுதான் இருக்கு. அதை வெட்டிடட்டுமா?"

"அதை வெட்டிட்டா அவ எதைப் பாத்துச் சேப்பா?"

அப்படியே விட்டார். காகத்தையும் விட்டார். தோடி முடிந்து, தந்திகள் ஒவ்வொன்றாக அடங்கி, அறை முழுக்க நிசப்தமானபிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், "அங்கிள், இப்ப பேசலாமா?" என்று ஒரு குரல் வரும். அதை எடுத்துவிடலாமா என்று கேட்க அவர் மறந்துபோனார். டீச்சரும் சொல்லவில்லை.